போதை முதலா, மார்க் சரிவு முதலா? பதின்ம வயதுப் பழக்கமும் படிப்பும்

"பையன் கெட்ட சகவாசத்துல விழுந்துட்டான், அதான் மார்க் போச்சு." இது பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. "அந்த அண்ணன் ஹான்ஸ் போட்டுக்கிட்டேதான் படிச்சார், இன்னிக்கு இன்ஜினியரிங் காலேஜ்ல இருக்கார்." இது அதே பள்ளியின் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் கேட்கும் பேச்சு. (ஹான்ஸ் என்பது வாயில் வைக்கும் புகையிலை.) முதல் பேச்சில் எல்லாப் பழியும் போதைக்கு. இரண்டாவதில் போதைக்குப் பழியே இல்லை. இந்த இரண்டு பேச்சுகளை வைத்துக்கொண்டுதான் வீட்டில் பெல்ட்டை எடுக்கிறார்கள், பள்ளியில் டிசி எழுதுகிறார்கள், பிள்ளைகள் அடுத்த பொட்டலத்தை வாங்குகிறார்கள்.

போதைக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு உண்மையானது. ஆனால் அது ஒரே திசையில் ஓடுவதில்லை. பொருள் மூளைக்குள் போய் படிப்பைக் கெடுக்கிறது என்பது பாதிக் கதை. படிப்பு கைவிட்டுப்போன பிள்ளை பொருளைத் தேடிப் போகிறது என்பது மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் என்ன செய்யலாம் என்பது விளங்கும். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்

போதை என்றதும் சினிமாவில் வரும் வெள்ளைப் பவுடர்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வருவது பெரும்பாலும் அதைவிட மலிவான, பக்கத்திலேயே கிடைக்கிற பொருள். முதல் இடம் புகையிலைக்கு. அப்புறம் மது, கஞ்சா, டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்துவது, ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் மாதிரியானவற்றை முகர்வது.

2019இல் இந்தியா முழுக்கப் பள்ளிகளில் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. வாயில் வைக்கும் புகையிலை பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பத்து வயது முடிவதற்குள் தொடங்கியவர்கள். அதே 2019இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியக் கணக்கெடுப்பு இன்னொன்றைச் சொன்னது. பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் போதைப்பொருள் ஒன்றே ஒன்றுதான்: முகரும் பொருள். பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவர்களில் 1.17 சதவீதம்.

தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா வகைகளுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் கூல் லிப் என்ற பெயரை இன்று எட்டாம் வகுப்புப் பையனிடம் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பை. உள்ளே புகையிலைத் தூள், மேலே புதினா வாசனை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிவிட்டால் போதும். மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம், புகை வராது, வீட்டுக்குப் போனால் நாறாது. அதை வாயில் வைத்துக்கொண்டே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர் கேட்கும் கேள்விக்குப் பதிலும் சொல்லலாம். 2024இல் இது தொடர்பான ஜாமீன் மனுக்களை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்கள் இதற்கு அடிமையாவதைப் பற்றிக் கவலை தெரிவித்து, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது.

பெற்றோர் பையில் கஞ்சாவைத் தேடுகிறார்கள். ஜியோமெட்ரி பாக்ஸில் இருப்பது வேறு. அதனால் அந்தச் சின்னப் பையிலிருந்தே தொடங்குவோம்.

காலையில் தொள்ளாயிரம், சாயங்காலம் ஆயிரம்

காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலையில் 900 ரூபாய் வாங்கி, சாயங்காலம் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும் கடனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாங்குகிற அம்மாவைக் கேட்டால், "இந்தக் காசு இல்லாட்டி எனக்கு வியாபாரமே இல்ல" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. மறுநாள் காலையில் கையில் காசு இல்லாததும் உண்மை. ஆனால் ஏன் இல்லை? முந்தின நாள் லாபம் வட்டிக்குப் போய்விட்டது. கடன் தீர்க்கிற பற்றாக்குறையை உண்டாக்குவதே அந்தக் கடன்தான்.

நிகோடின் இதையேதான் கவனத்துக்குச் செய்கிறது. நிகோடின் என்பது புகையிலையில் இருக்கும், பழக்கத்தை உண்டாக்கும் வேதிப்பொருள். நம் மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்கள் மூலமாகப் பேசிக்கொள்கின்றன. அந்தச் செய்தியைப் பிடித்துக்கொள்வதற்காகச் செல்லின் மேல் இருக்கும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். விழிப்பு, கவனம் ஆகியவற்றில் பங்குள்ள அசிட்டைல்கோலின் என்ற இயற்கையான செய்திப்பொருளுக்கு உரிய ஏற்பியில் நிகோடின் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த நிமிடத்தில் சுறுசுறுப்பு வருவது நிஜம். ஆனால் தினமும் நிகோடின் வந்துகொண்டிருந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. இப்போது நிகோடின் வராவிட்டால், முன்பிருந்த சாதாரண நிலைக்கும் கீழே போய்விடுகிறது.

இதை ஒரு பள்ளி நாளில் வைத்துப் பாருங்கள். எட்டரை மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் ஒரு பை. ரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பதினோரு மணிக்கு, மூன்றாவது பீரியடில், போர்டில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது பையனுக்குக் கால் நிலைகொள்ளாது. எரிச்சல். எழுதிய வரியையே மறுபடி எழுதுவான். பக்கத்தில் இருப்பவன் பேனா தட்டினால் சண்டைக்குப் போவான். பழகிய பொருள் உடலில் குறையும்போது வரும் இந்த நிலைதான் விலகல் அவதி. "சார், டாய்லெட்" என்று கிளம்புவான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து அமைதியாக உட்காருவான். கணக்கும் வரும்.

அவன் என்ன முடிவுக்கு வருவான்? "இது இருந்தாதான் எனக்குப் படிப்பே ஏறுது." எந்தப் பள்ளியில் கேட்டாலும் இந்த வரியைச் சொல்ல ஒரு பையனாவது இருப்பான். அவன் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. தன் உடம்பில் உணர்ந்ததைச் சொல்கிறான். அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான்: மூன்றாவது பீரியடில் வந்த தவிப்பையும் அந்தப் பைதான் கொடுத்தது. பழக்கம் இல்லாத பையன் அந்த நேரத்தில் எந்த உதவியும் இல்லாமல் இருக்கும் நிலைக்கு வருவதற்கே, பழகியவனுக்கு ஒரு பை தேவைப்படுகிறது. விட்டுவிட்டால் அவதி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் தணிந்துவிடும்.

புகையிலை புற்றுநோய் தரும் என்று ஒரு பதினான்கு வயதுப் பையனிடம் சொன்னால் அவன் காதில் ஏறாது. அது நாற்பது வயதுக்காரரின் நோய். "உன் மூன்றாவது பீரியடை யார் கெடுக்கிறார்கள் என்று பார்" என்றால் அவனே கணக்குப் போட்டுப் பார்ப்பான். பள்ளிகளில் பேச வருபவர்கள் இதைச் சொல்லாமல், புண்ணான வாயின் படத்தை மட்டும் காட்டிவிட்டுப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பாடம் தலையில் ஏறுவது எப்படி

ஒரு பாடம் நினைவில் நிற்க மூன்று வேலைகள் நடக்க வேண்டும். முதலில் கவனம். அடுத்தது, கேட்டதைச் சில நொடிகள் தலையில் பிடித்து வைத்துக்கொண்டு அதை வைத்து வேலை செய்வது. 17ஐ 6ஆல் மனக்கணக்காகப் பெருக்கும்போது நடுவில் வரும் எண்ணைப் பிடித்து வைக்கிறீர்களே, அதுதான் செயல் நினைவு. மூன்றாவது, அதை நீண்ட கால நினைவாகப் பதிப்பது. இதில் ஹிப்போகாம்பஸ் என்ற, மூளையின் உட்பகுதியில் இருக்கும் சிறு உறுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பகலில் படித்ததைப் பதிக்கும் வேலையில் பெரும்பகுதி இரவுத் தூக்கத்தில் நடக்கிறது.

கஞ்சா இந்த மூன்றில் பின்னிரண்டை நேராகத் தாக்குகிறது. அதில் உள்ள முக்கியமான போதைப்பொருள் டிஎச்சி. நம் மூளை தானாகவே இதைப் போன்ற செய்திப்பொருள்களைத் தயாரிக்கிறது. எந்த இடத்தில், எந்த நொடியில் நரம்புச் செல்களின் பேச்சைச் சற்று அடக்க வேண்டுமோ, அங்கே மட்டும் சுரந்து உடனே மறைந்துவிடும். டிஎச்சிக்கு இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. அந்த ஏற்பிகள் நிறைந்த ஹிப்போகாம்பஸிலும் மூளையின் முன்பகுதியிலும் ஒரேயடியாகப் போய் உட்கார்ந்து, மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நடந்த பாடம் காதில் விழும், பதியாது. டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். அதனால் தொடர்ந்து புகைப்பவர் உடலிலிருந்து முழுதாக வெளியேற வாரக்கணக்கில் ஆகும். போதை இறங்கிவிட்டது என்று திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளையின் நினைவாற்றல் இன்னும் பழைய நிலைக்கு வந்திருக்காது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட, கஞ்சா பழக்கம் உள்ள 88 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2018இல் வெளியானது. ஒரு பகுதியினரை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனையால் உறுதிசெய்தார்கள். நிறுத்தியவர்களுக்குச் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் கூடியது. அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே வந்தது. "கஞ்சா அடிச்சா மூளை அழுகிடும், அவ்வளவுதான்" என்று மிரட்டுவது பிள்ளையிடம் நம்பிக்கையை எடுத்துவிடுகிறது. எப்படியும் போனது போனதுதான் என்று நினைப்பவன் எதற்காக நிறுத்துவான்?

மது ஹிப்போகாம்பஸையும் தூக்கத்தையும் கெடுக்கிறது. குடித்த இரவில் உடம்பு கிடந்தாலும் தூக்கம் துண்டு துண்டாகிவிடும், பகலில் படித்தது பதியாது. வலி மாத்திரைகளும் ஊசியும் வேறு ரகம். அங்கே மார்க்கைவிட உயிர்தான் முதல் கவலை. முகரும் பொருளும் அப்படியே. அவற்றில் உள்ள டொலுவின் போன்ற கரைப்பான்கள் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைச் சிதைக்கக்கூடியவை. இதயத் துடிப்பு தாறுமாறாகி, முதல் முறை முகரும்போதே உயிர் போகவும் கூடும். ஸ்டேஷனரி கடையில் விற்பதால் அதை விளையாட்டாக நினைப்பது பெரிய ஆபத்து.

பதினைந்து வயதில் ஏன் இவ்வளவு இழுக்கிறது

டோபமைன் என்பதை எல்லோரும் "இன்ப ரசாயனம்" என்கிறார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், "இது முக்கியம், மறக்காதே, மறுபடி செய்" என்று மூளைக்குக் குறித்துக்கொடுக்கும் செய்திப்பொருள் அது. பசியில் சாப்பிட்டாலும், கோல் போட்டாலும், டீச்சர் பாராட்டினாலும் அது சுரக்கும். போதைப்பொருள்கள் எந்த உழைப்பும் இல்லாமல் அதை வேகமாகச் சுரக்கவைக்கின்றன.

பதின்ம வயதில் இந்தப் பரிசு தேடும் அமைப்பு முழு வேகத்தில் இருக்கும். "பொறு, பின்னால் என்ன ஆகும் என்று யோசி" என்று தடுக்க வேண்டிய, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. அந்தப் பகுதிக்கு முன்நெற்றிப் புறணி என்று பெயர். இது பிள்ளையின் குணக்கேடு இல்லை, வளர்ச்சியின் வரிசை. காலாண்டு ரிசல்ட் வர இரண்டு மாதம் இருக்கிறது. பொட்டலம் இரண்டு நிமிடத்தில் வேலை செய்கிறது. அந்த வயது மூளைக்கு எது பெரிதாகத் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிகோடின் கவனத்தைத் துண்டாடுகிறது, கஞ்சா பதிவதைத் தடுக்கிறது, மது தூக்கத்தைக் கெடுக்கிறது, எல்லாமே சேர்ந்து தூரத்தில் இருக்கும் பலனுக்காக உழைக்கும் மனதைக் குறைக்கின்றன. இவற்றில் பலவும் நிறுத்தினால் மீளக்கூடியவை. இது ஒரு திசை.

சேர்ந்து நடப்பதெல்லாம் ஒன்றால் ஒன்று நடப்பதில்லை

போதைப் பழக்கம் உள்ள மாணவர்களின் மார்க்கை எடுத்துப் பார்த்தால் சராசரியாகக் குறைவாகத்தான் இருக்கும். சரி, ஆனால் மார்க்கைக் குறைத்தது போதைதானா? அந்தப் பிள்ளைகள் போதைக்கு முன்பே பின்தங்கியிருந்தால்? இதைப் பிரித்தறிய உலகின் வெவ்வேறு இடங்களில் ரொம்பவும் மெனக்கெட்டிருக்கிறார்கள். மூன்று ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கஞ்சா தொடங்குவதற்கு முந்தைய வயதில் எடுத்த ஐக்யூ (நுண்ணறிவுச் சோதனை) மதிப்பெண்ணையும் 38 வயதில் எடுத்ததையும் ஒப்பிட்டு 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பதின்ம வயதில் தொடங்கி, பல ஆண்டுகள் அதற்கு அடிமையாகவே இருந்தவர்களுக்கு எட்டுப் புள்ளிகள் வரை குறைந்திருந்தது. பெரியவர்களான பின் தொடங்கியவர்களிடம் அந்த அளவு சரிவு இல்லை. உலகமே இதைத் தலைப்புச் செய்தியாக்கியது.

நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து இன்னோர் ஆய்வு வெளியானது. கஞ்சா பிடித்த பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் இங்கேயும் சரிந்திருந்தது. ஆனால் கஞ்சாவைத் தொடாத, அதே வீட்டில் வளர்ந்த உடன்பிறந்த இரட்டையருக்கும் அதே மாதிரி சரிந்திருந்தது! அப்படியானால் சரிவில் பெரும்பகுதி அந்த வீட்டிலிருந்தோ, அந்தத் தெருவிலிருந்தோ, பரம்பரையிலிருந்தோ வந்திருக்க வேண்டும்.

அப்போ கஞ்சா படிப்பைப் பாதிக்காதா என்று கேட்டால், மூன்றாவதைப் பாருங்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் கஞ்சா விற்கும் கடைகள் வெளிப்படையாகவே இயங்குகின்றன. 2011 அக்டோபரில் அந்தக் கடைகளுக்குள் நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம் நாட்டவர் மட்டுமே போகலாம் என்று விதி வந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்த மாணவர்களில் சிலருக்கு மட்டும் பாஸ்போர்ட் காரணமாகக் கதவு மூடியது. யாரும் தாங்களாக நிறுத்த முடிவெடுக்கவில்லை, அதனால் "நல்ல பிள்ளைகள் நிறுத்தினார்கள்" என்று சொல்ல வழியில்லை. கதவு மூடப்பட்டவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. எண்களைக் கையாள வேண்டிய பாடங்களில் அதிகமாக உயர்ந்தது. அவர்கள் கூடுதல் நேரம் படித்ததாகத் தெரியவில்லை. பாடம் முன்பைவிடப் புரிந்தது என்றுதான் சொன்னார்கள். கல்லூரி மாணவர்களைப் பற்றியது என்றாலும், போதை கற்பதை நேராகவே பாதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

மூன்றையும் ஒன்றாக வைத்தால் முரண்பாடு இல்லை. புகைத்துக்கொண்டிருக்கும் காலத்தில் பாடம் பதிவது கெடுகிறது, இது உறுதி. பதின்ம வயதில் தொடங்கி விடாமல் ஆண்டுக்கணக்கில் போனால் நிரந்தர இழப்புக்கு இடம் உண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் மார்க் சரிவு முழுவதையும் பொருளின் கணக்கில் எழுதினால், வீட்டிலும் வகுப்பிலும் இருக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அந்த இன்ஜினியரிங் அண்ணன் விஷயத்துக்கும் பதில் இதில் இருக்கிறது. அவர் எந்த வயதில் தொடங்கினார், எவ்வளவு, டியூஷனுக்கு வீட்டில் காசு இருந்ததா என்பதெல்லாம் கதையில் வருவதில்லை. அதே ஹான்ஸோடு பத்தாம் வகுப்பில் நின்றுபோனவர்கள் பெயின்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களை உதாரணம் காட்ட யாரும் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் இல்லை.

எதிர்த்திசை: வகுப்பு கைவிடும்போது

இப்போது மீதிப் பாதி. ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனுக்குத் தமிழ்ப் பத்தியையே தடுமாறித்தான் படிக்க வருகிறது என்று வையுங்கள். நம் வகுப்புகளில் இது அபூர்வம் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு பீரியட், எதுவும் புரியாது. கேள்வி கேட்டால் அவமானம். சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறான். கல்யாண மண்டபத்தில் விடிய விடியப் பந்தி பரிமாறுகிறான். கூட இருக்கும் அண்ணன்கள் தூக்கம் வராமலிருக்க வாயில் ஏதோ வைத்துக்கொள்கிறார்கள், அவனுக்கும் ஒன்று தருகிறார்கள். கையில் காசு. முதல்முறையாக ஓர் இடத்தில் அவனை "நல்லா வேலை செய்யுற தம்பி" என்கிறார்கள். திங்கட்கிழமை பள்ளியில் அதே பழைய அவமானம்.

இவனுடைய மார்க்கைக் குறைத்தது கூல் லிப் இல்லை. மார்க்கும் மரியாதையும் போன பிறகுதான் கூல் லிப் வந்தது. வந்த பிறகு மிச்சமிருந்த கவனத்தையும் அது எடுத்துக்கொண்டது.

இன்னும் சில பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் இருக்கும். கண்டறியப்படாத கவனக்குறைபாடு, மனச்சோர்வு, குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, வகுப்பில் தொடர்ந்து நடக்கும் கேலி. அதுவே படிப்பையும் கெடுக்கும், போதைக்கும் தள்ளும். இங்கே பொருளை மட்டும் பிடுங்கினால் காரணம் அப்படியே இருக்கும்.

இரண்டு திசையும் சேர்ந்தால் சுழல். புரியாததால் வகுப்பை விட்டு வெளியே போகிறான். வெளியே போனதால் பொருள் பழகுகிறது. பழகியதால் புரிவது இன்னும் குறைகிறது. வராத நாள்கள் கூடுகின்றன. கடைசியில் ஒரு நாள் பை சோதனையில் மாட்டுகிறான், அப்பாவைக் கூப்பிட்டு டிசி கையில் கொடுக்கிறார்கள்.

இந்த டிசி விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரியவர்களின் பார்வையில் அவன் இருந்த நேரம் என்று நாளில் மிச்சமிருந்தது பள்ளி நேரம் மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டு, பொருள் கிடைக்கும் இடத்தில் முழு நாளும் அவனை விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் 12,118 பதின்ம வயதினரிடம் நேர்காணல் நடத்தி 1997இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பெற்றோரோடும் பள்ளியோடும் நெருக்கமாக உணரும் பிள்ளைகளிடம் புகை, மது, கஞ்சா எல்லாமே குறைவாக இருந்தது தெரிந்தது. மற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டாமா என்று தலைமையாசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பொருளை விற்கும் பையனையும் பயன்படுத்தும் பையனையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். விற்பவன் பின்னால் எப்போதும் ஒரு பெரியவர் இருக்கிறார், தேட வேண்டியது அவரை.

ஐஸ்லாந்து செய்தது

சுழலை எங்கே வெட்டலாம் என்பதற்கு ஒரு நாடு உதாரணமாக இருக்கிறது. 1998இல் ஐஸ்லாந்தின் 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர், கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது போதை ஏறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடிப்போர் 23இலிருந்து 3 சதவீதமானார்கள். ஒருமுறையாவது கஞ்சா பயன்படுத்தியவர்கள் 17இலிருந்து 7. அதே காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் குறைந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

அவர்கள் மிரட்டும் சொற்பொழிவை நம்பவில்லை. அமெரிக்காவில் 1983இல் போலீஸ்காரர்களை வகுப்புக்கு அனுப்பித் தொடங்கிய டேர் என்ற திட்டம் நாடெங்கும் பரவியும், பிள்ளைகளின் பழக்கத்தில் நீடித்த மாற்றம் எதையும் காட்டவில்லை. ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. எல்லாப் பள்ளியிலும் பெயர் கேட்காத கணக்கெடுப்பு நடத்தி, அந்தந்தப் பள்ளியின் முடிவைச் சில மாதங்களுக்குள் அந்தந்த ஊர்ப் பெற்றோர் கையில் கொடுத்தார்கள். மாலை நேரத்தில் விளையாட்டு, இசை, நடனம், அதற்கு நகராட்சியே பண உதவி. பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகள் இரவில் வெளியே இருக்க நேரக் கட்டுப்பாடு. பெற்றோர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை.

நம் பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று உறுதிமொழி எடுக்கிறோம், பேரணி போகிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஜூன் 27 மாலை நாலரை மணிக்குப் பூட்டப்படும் விளையாட்டு மைதானத்தைத் திறந்து வைத்து, ஒரு பி.டி. சாரை அங்கே நிறுத்தினால் பலன் பல மடங்கு கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

வீட்டிலும் வகுப்பிலும்

மார்க்கை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முயலாதீர்கள், அது தாமதமாக வரும் அறிகுறி. மாற்றத்தைப் பாருங்கள்: தூக்க நேரம், கூட்டாளிகள், குறிப்பிட்ட பீரியடில் தினமும் வெளியே போவது, கேட்கும் காசு, ஆசையாகச் செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது. இவை சாதாரண விடலைப் பருவத்திலும் வரும், ஆகவே குற்றப்பத்திரிகை வாசிக்காமல் கேளுங்கள். "இது போட்டா உனக்கு என்ன கிடைக்குது?" என்ற கேள்விக்கு வரும் பதில், "ஏன்டா இப்படிப் பண்ண?" என்பதற்கு வராது. தூக்கம் வருது, கோபம் அடங்குது, கூட்டத்துல சேத்துக்குறாங்க என்று என்ன சொன்னாலும் அங்கேதான் காரணம் இருக்கிறது.

சட்டத்துக்குப் பயந்து சிகிச்சைக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவில் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்து மாட்டிய அடிமைப்பட்டவர், தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. கடுமை விற்பவர் பக்கம்தான்: பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் எங்கேயும் விற்கக் கூடாது. குழந்தைக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுத்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல்.

உதவிக்கு 14446 என்ற எண்ணில் தேசிய போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். 14416 மனநல ஆலோசனைக்கு, 1098 குழந்தைகளுக்கு, 104 தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனைக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். தினமும் குடிக்கும் அல்லது தூக்க மாத்திரை போடும் பிள்ளையை வீட்டில் அடைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

நிறுத்திய முதல் இரண்டு வாரம் கரடுமுரடாக இருக்கும். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் இன்னும் மோசமாகத் தெரிவது எல்லாம் விலகல் அவதியின் பகுதி. அந்த வாரத்தில் யூனிட் டெஸ்ட் மார்க்கைக் காட்டி "இப்பவும் தேறலையே" என்று சொல்லிவிடாதீர்கள். அவதி தணிந்த பிறகும் மார்க் தானாக ஏறாது, ஏனென்றால் மூளை மீண்டு வந்தாலும் ஆறு மாதமாகப் பதியாத பாடம் தானாக வந்துவிடாது. அல்ஜீப்ராவின் முதல் படியே விட்டுப்போயிருக்கும்போது ஆறாவது படியில் அவனை உட்கார வைத்தால், மறுபடியும் புரியாத எட்டு பீரியட்தான். வகுப்பு ஆசிரியர் எந்த மாதத்திலிருந்து அவன் நோட்டில் எழுத்து குறைகிறது என்று பார்த்து, அந்தப் பாடத்திலிருந்து தொடங்கிக் கொடுக்க வேண்டும். காலை வகுப்புக்கு முன்னால் அரை மணி நேரம், ஒரு பாடம் மட்டும், முதலில் கணக்கு.